இரண்டு ஸ்விட்ச் வளையங்களுக்கு நடுவே இரண்டாவது ஃபைபர்: லூப் உண்டாகாமல் இணைப்பது எப்படி?

உப்பனாற்றுக்கரை (கடலூர் சிப்காட்):

அனைவருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட் வளாகத்தில் உள்ள வேதிப்பொருள் ஆலை ஒன்றின் கருவியியல் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் இரண்டு ஸ்விட்ச் வளையங்கள் (கருவிகளை வலையமைப்பில் சேர்க்கும் ஸ்விட்சுகளை வட்டமாக இணைத்தவை) உள்ளன. உற்பத்திப் பகுதியில் உள்ள முதல் வளையத்தில் ஒன்பது ஸ்விட்சுகள் எம்.ஆர்.பி. முறையில் (ஓர் இணைப்பு அறுந்தால் மாற்றுப் பாதைக்குத் தானே மாறும் வளைய முறை) இயங்குகின்றன. பி.எல்.சி.க்களும் (ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள்) அவற்றின் ரிமோட் ஐ.ஓ. நிலையங்களும் (களக் கருவிகளின் உள்ளீடு, வெளியீடுகளை இணைப்பவை) புரொஃபிநெட் என்ற தொழிற்சாலை நெறிமுறை வழியாகப் பேசிக்கொள்வதும், கட்டுப்பாட்டு அறைத் திரைக்கான ஸ்காடா சர்வர் இருப்பதும் இந்த வளையத்தில்தான். கொதிகலன், குளிர்விப்புக் கோபுரம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றைச் சுற்றி வரும் இரண்டாவது வளையத்தில் வேறொரு தயாரிப்பாளரின் ஏழு ஸ்விட்சுகள் அந்தத் தயாரிப்பாளரின் சொந்த வளைய முறையில் இயங்குகின்றன. அங்கே எல்லாம் மோட்பஸ் டி.சி.பி. என்ற வேறொரு நெறிமுறை.

இரண்டு வளையங்களையும் இப்போது ஒரே ஒரு ஃபைபர்தான் இணைக்கிறது. அது அறுந்தால் கட்டுப்பாட்டு அறையில் கொதிகலன் பக்கத்து அளவீடுகள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வரும் ஷட்டவுனில் இரண்டாவது ஃபைபர் ஒன்றை இழுத்துக்கொள்ள நிர்வாகம் ஒப்புதல் தந்திருக்கிறது. இரண்டாவது ஃபைபரைச் செருகினால் லூப் (தரவு முடிவின்றிச் சுற்றும் பாதை) உண்டாகுமா, அல்லது வளைய மேலாளர் ஸ்விட்ச் அதைத் தானே தடுத்துக்கொள்ளுமா என்பது என் ஐயம். ஒப்பந்ததாரர் எல்லா ஸ்விட்சிலும் ஆர்.எஸ்.டி.பி.யை (லூப்பைக் கண்டறிந்து தடுக்கும் பொதுவான முறை) போட்டுவிட்டால் கவலை இல்லை என்கிறார். உடன் பணிபுரிபவரோ பதினாறு ஸ்விட்சுகளையும் ஒரே வளையமாக ஆக்கிவிடலாம் என்கிறார். எது சரியான வழி?

வில்லியனூர் வலைஞர்:

வணக்கம் ஐயா. லூப் கண்டிப்பாக உண்டாகும். வளைய மேலாளர் தடுத்துக்கொள்ளாது, ஏனென்றால் அந்த லூப் அதன் கண்ணுக்கே தெரியாது. எம்.ஆர்.பி. மேலாளர் தன் இரண்டு வளையப் போர்ட்டுகளிலிருந்தும் சோதனைச் சட்டகங்களை (சிறு தரவுத் துண்டுகளை) அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு போர்ட்டிலிருந்து போனது மறு போர்ட்டுக்கு வந்து சேர்ந்தால் வளையம் முழுமையாக இருக்கிறது என்று பொருள். அந்நிலையில் அது தன் ஒரு போர்ட்டைத் தரவுப் போக்குவரத்துக்கு மூடி வைத்திருக்கும். சட்டகங்கள் தொடர்ந்து வராமல் போனால் மூடிய போர்ட்டைத் திறந்துவிட்டு, மற்ற ஸ்விட்சுகள் தங்கள் முகவரிப் பட்டியலை (எந்தக் கருவி எந்தப் போர்ட்டின் பக்கம் இருக்கிறது என்ற குறிப்பை) அழித்துக்கொள்ளும்படி அறிவிக்கும். அதிகபட்சம் 200 மில்லிவினாடிக்குள் மாறிக்கொள்ளும் அமைப்பில் இந்தச் சட்டகங்கள் 20 மில்லிவினாடிக்கு ஒரு முறை போகின்றன. இத்தனையும் வளையப் போர்ட்டுகளில் மட்டும்தான் நடக்கிறது. உங்கள் இரண்டு வளையங்களையும் இணைக்கும் ஃபைபர்கள் சாதாரணப் போர்ட்டுகளில் இருப்பதால், முதல் வளையத்தில் ஏறி, ஒரு ஃபைபர் வழியாக இரண்டாவது வளையத்துக்குப் போய், மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும் பாதையை இரண்டு மேலாளர்களில் எதுவும் கண்காணிப்பதில்லை. எல்லாக் கருவிகளுக்கும் போகும் அகலபரப்புச் சட்டகம் ஒன்று அதில் ஏறினால் அது நிற்கவே நிற்காது. சிறிது நேரத்தில் இரண்டு வளையங்களும் மூச்சுத்திணறிப் போகும்.

இதற்கென்றே தொழிற்சாலை ஸ்விட்சுகளில் வளைய இணைப்பு என்ற தனி வசதி உண்டு. ஒரு வளையத்தில் இரண்டு ஸ்விட்சுகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றின் போர்ட்டை முதன்மை இணைப்பு என்றும் மற்றொன்றின் போர்ட்டைக் காத்திருப்பு இணைப்பு என்றும் அமைக்கிறோம். அவை இரண்டும் தங்கள் வளையத்தின் வழியாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். முதன்மை இணைப்பு அறுந்த செய்தி வந்ததும் காத்திருப்பு இணைப்பு திறந்துகொள்ளும். ஹிர்ஷ்மன், சீமென்ஸ், மோக்ஸா மூன்றிலும் இது இருக்கிறது, பெயர்கள்தாம் வேறு. பொதுவாக இந்த அமைப்பு ஒரு பக்கத்தில் மட்டும் செய்யப்படுவது. மறுபக்கத்து ஸ்விட்சுகளுக்கு அவை வெறும் போர்ட்டுகள். ஆகவே இரண்டு வளையங்களும் வெவ்வேறு தயாரிப்பாக இருப்பது தடையல்ல. இருந்தாலும் மறுபக்கத்தில் அந்த இரண்டு போர்ட்டுகளிலும் ஆர்.எஸ்.டி.பி. அணைக்கப்பட வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வளையமாக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். எம்.ஆர்.பி. ஒரு வளையத்தில் 50 கருவிகள் வரை அனுமதிக்கிறது என்பதால் பதினாறு என்ற எண்ணிக்கை சிக்கலே இல்லை. ஆனால் இரண்டு வளையங்களாக இருக்கும்போது கொதிகலன் பக்கம் ஒரு முறிவும் உற்பத்திப் பக்கம் ஒரு முறிவும் ஒரே நேரத்தில் வந்தாலும் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அதே இரண்டு முறிவுகள் வளையத்தைத் துண்டாக்கி ஒரு பகுதியைத் தனித்தீவாக்கிவிடும்.

சேதராப்பட்டு கட்டுப்பாடு:

ஆர்.எஸ்.டி.பி. பற்றி இரண்டு வார்த்தை. 2001இல் வந்த தரநிலை அது. எல்லாத் தயாரிப்பாளரும் ஆதரிப்பது. அலுவலகக் கட்டடத்துக்கு நல்லது. ஆனால் எம்.ஆர்.பி. வளையப் போர்ட்டுகளில் ஆர்.எஸ்.டி.பி. அணைந்திருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒப்பந்ததாரர் சொல்வது போல எல்லா ஸ்விட்சிலும் போடுவது என்றால், ஒன்று எம்.ஆர்.பி.யை முழுவதும் கைவிட வேண்டும், அல்லது பாதிப் போர்ட்டுகளில் மட்டும் ஆர்.எஸ்.டி.பி. ஓடும். இரண்டாவது நிலைதான் ஆபத்து. அதன் செய்திச் சட்டகங்கள் வளையத்தைக் கடக்காமல் போனால் லூப் இருப்பதை அதுவும் அறியாது. முழுவதும் ஆர்.எஸ்.டி.பி.க்கு மாறினாலும், இணைப்பு அறுந்ததைப் போர்ட் எவ்வளவு விரைவில் உணர்கிறது என்பதையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. கிகாபிட் செம்புக் கம்பியில் அறுந்ததை உணரவே 750 மில்லிவினாடி வரை ஆகலாம். வளையத்தில் கிகாபிட் வேண்டுமென்றால் ஃபைபரில் போகச் சொல்வது அதனால்தான்.

என் கருத்து வேறு. இரண்டு வளையங்களையும் இரண்டாம் அடுக்கிலேயே, அதாவது ரூட்டர் இல்லாமல் ஒரே வலையமைப்பாக, ஏன் ஒட்ட வேண்டும்? கொதிகலன் பக்கத்தில் இருப்பது மோட்பஸ் டி.சி.பி., அது ரூட்டரைத் தாண்டிப் போகும். புரொஃபிநெட்டின் சுழற்சித் தரவு ரூட்டரைத் தாண்டாது என்றாலும், உங்கள் பி.எல்.சி.யும் அதன் ரிமோட் ஐ.ஓ.வும் ஒரே வளையத்திற்குள் இருப்பதால் அதற்குத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. நடுவில் ரூட்டர் வேலையும் செய்யும் மூன்றாம் அடுக்கு ஸ்விட்சுகள் இரண்டை வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்கும் வி.ஆர்.ஆர்.பி. முறையை அமைத்துவிட்டால், ஒரு பக்கத்தில் எவரேனும் தவறுதலாக லூப் உண்டாக்கினாலும் அந்தச் சட்டக வெள்ளம் மறுபக்கம் பரவாது. இயல்பு அமைப்பில் மாறிக்கொள்ள மூன்று வினாடிக்குச் சற்று மேல் ஆகும். ஸ்காடா திரைக்கு அது போதும்.

வில்லியனூர் வலைஞர்:

கொள்கை அளவில் சேதராப்பட்டு நண்பர் சொல்வதே சிறந்தது. ஆனால் கேட்டவரிடம் இருப்பது ஒரு ஷட்டவுன். இரண்டு பக்கமும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரி வரம்பில்) இருக்குமானால், கொதிகலன் பக்கத்து ஒவ்வொரு கருவிக்கும் முகவரி மாற்ற வேண்டும், ஒவ்வொன்றிலும் கேட்வே (ரூட்டரின் முகவரி) எழுத வேண்டும். பழைய பகுப்பாய்வுக் கருவிகள் சிலவற்றில் கேட்வே எழுதும் இடமே இருக்காது.

முதுநகர் மின்பணி:

தம்பிகள் மென்பொருள் அமைப்பைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தப் பகுதி ஆலைகளில் நான் பார்த்த வளையங்கள் பலவற்றில், போகும் ஃபைபரும் திரும்பி வரும் ஃபைபரும் ஒரே கேபிள் டிரேயில், சில இடங்களில் ஒரே கவச உறைக்குள் பன்னிரண்டு இழைகளில் நான்காக, ஒன்றாகவே கிடக்கின்றன. வரைபடத்தில் அது வட்டமாக இருக்கும். தரையில் அது ஒரே கோடு. ஜே.சி.பி.யின் ஒரு கொத்து போதும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்ததை இங்கே இருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காற்று அடித்தால் மேலே உள்ள டிரே போகும், மழை பெய்தால் கீழே உள்ள குழி நிரம்பும். 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் நீர் நின்ற இடங்களை உங்கள் பராமரிப்புப் பிரிவில் மூத்தவர்கள் காட்டுவார்கள். ஆகவே பழைய ஃபைபர் பைப் ரேக்கில் மேலே போகிறது என்றால் புதியதைத் தரைக்கடியில் கொண்டுபோங்கள். பழையது தரைக்கடியில் என்றால் புதியதை மேலே கொண்டுபோங்கள். இரண்டும் ஒரே கட்டடத்தின் ஒரே துளை வழியாக நுழையக் கூடாது. புதைப்பது கவசக் கேபிளாக இருக்கட்டும். எலிக்கு ஃபைபரும் ஒன்றுதான் கிழங்கும் ஒன்றுதான். உப்பனாற்றுப் பக்கம் உப்புக்காற்று பேனலுக்குள்ளே வரும். கேபிள் கிளாண்டைச் சரியாக முறுக்காத பேனலைத் திறந்து பாருங்கள், ஸ்விட்ச் மாட்டியிருக்கும் தண்டவாளத்திலேயே வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும்.

மின்சாரத்தையும் பாருங்கள். தொழிற்சாலை ஸ்விட்சுகளில் 24 வோல்ட்டுக்கு இரண்டு உள்ளீடுகள் இருக்கும். இரண்டையும் ஒரே மின்வழங்கியிலிருந்து இணைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. இன்னொன்று: வளையத்தில் பக்கத்துப் பக்கத்து ஸ்விட்சுகள் இரண்டு ஒரே யு.பி.எஸ். கிளையில் இருந்து, அந்தக் கிளை விழுந்தால், அந்த இரண்டோடு போய்விடும். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு ஸ்விட்சுகள் ஒரே கிளையில் இருந்தால், அவற்றுக்கு நடுவே நல்ல நிலையில் இருக்கும் ஸ்விட்சுகளும் தனித்துப் போகும். ஆகவே எந்தெந்த ஸ்விட்ச் எந்தக் கிளையில் இருக்கிறது என்று வளைய வரைபடத்தின் மேலேயே எழுதிப் பாருங்கள்.

நெய்வேலி கன்வேயர்:

முதுநகர் ஐயா சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. எங்களைப் போல் நீண்ட கன்வேயர் ஓரமாக வரிசையாக ஸ்விட்ச் வைப்பவர்களுக்குக் கடைசி ஸ்விட்சிலிருந்து முதல் ஸ்விட்சுக்கு ஒரு நீளமான திரும்பு கேபிள் தேவைப்படும். ஒன்று விட்டு ஒன்றாக, ஒற்றை எண் ஸ்விட்சுகளை இணைத்துக்கொண்டே போய், இரட்டை எண் ஸ்விட்சுகளை இணைத்துக்கொண்டே திரும்பினால் எந்தத் துண்டும் நீளமாக இராது. மல்டிமோட் ஃபைபரில் 100 மெகாபிட்டுக்கு 2 கிலோமீட்டர்தான் எல்லை என்பதால் இது சில இடங்களில் சிங்கிள்மோட் செலவை மிச்சப்படுத்தும். ஆனால் இரண்டு பாதையும் ஒரே ஓரமாகவே ஓடும் என்பதால் ஐயா சொன்ன ஆபத்து அப்படியே இருக்கும். கன்வேயரின் இரு பக்கத்திலும் பிரித்துப் போட முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

உப்பனாற்றுக்கரை (கடலூர் சிப்காட்):

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு பக்கமும் ஒரே சப்நெட்தான். ஆகவே இந்த ஷட்டவுனில் வளைய இணைப்பு வசதியைப் பயன்படுத்துகிறோம். ரூட்டர் யோசனையைக் கொதிகலன் பி.எல்.சி. மாற்றும் திட்டத்தோடு சேர்த்து எழுதிவைக்கிறேன். பழைய ஃபைபர் பைப் ரேக்கில் போகிறது; புதியதைச் சாலைக்கு மறுபக்கம் தரைக்கடியில் கொண்டுபோக இடம் பார்த்துவிட்டோம்.

இதோடு தொடர்புடைய இன்னொரு செய்தி. முன்பு ஒருமுறை முதல் வளையத்தில் ஒரு ஃபைபர் அறுந்தபோது, வளையம் மாறிக்கொண்டது என்று மேலாளர் ஸ்விட்சின் பதிவு சொன்னாலும், இரண்டு ரிமோட் ஐ.ஓ. நிலையங்கள் விழுந்து, அவற்றோடு வால்வுகளும் பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டன. புரொஃபிநெட் புதுப்பிப்பு நேரம் (தரவு மீண்டும் அனுப்பப்படும் இடைவெளி) 8 மில்லிவினாடி. மற்ற மதிப்புகள் இயல்பாக இருந்தவையே. வளையம் இருந்தும் ஏன் இப்படி நடந்தது?

சேதராப்பட்டு கட்டுப்பாடு:

இயல்பு மதிப்பு என்றால் மூன்று சுழற்சிகள் தரவு வராவிட்டால் இணைப்பு போய்விட்டதாக பி.எல்.சி. முடிவு செய்யும். 8ஐ 3ஆல் பெருக்கினால் 24 மில்லிவினாடி; இதுவே காப்பு நேரம். உங்கள் எம்.ஆர்.பி. மோசமான நிலையில் 200 மில்லிவினாடி எடுத்துக்கொள்ள உரிமை பெற்றது. வளையம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அது முடிப்பதற்குள் பி.எல்.சி. பொறுமை இழந்துவிட்டது. சுழற்சி எண்ணிக்கையை 32 என்று வைத்தால் 256 மில்லிவினாடி கிடைக்கும். அல்லது அந்த வால்வுகளுக்கு 8 மில்லிவினாடி எதற்கு என்று கேட்டு, புதுப்பிப்பு நேரத்தை 64 ஆக்கி எண்ணிக்கையை 4 என்று வைத்தாலும் அதே 256தான், போக்குவரத்தும் குறையும்.

ஆனால் இது செயல்முறைப் பொறியாளரின் கையெழுத்தோடு செய்ய வேண்டிய மாற்றம். கால் வினாடி வரை வெளியீடு பழைய நிலையிலேயே நிற்கும் என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ஒப்புக்கொள்ள முடியாத இடம் இருந்தால், தயாரிப்பாளர் ஆதரிக்கும் பட்சத்தில் 30 மில்லிவினாடி எம்.ஆர்.பி. அமைப்புக்குப் போகலாம். துணைமின் நிலையங்களில் போலத் துளியும் இடைவெளி கூடாது என்றால் எச்.எஸ்.ஆர்., பி.ஆர்.பி. என்ற வேறு குடும்பம் இருக்கிறது. அவை ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டு வழியிலும் அனுப்புவதால் மாறிக்கொள்ளும் நேரம் என்பதே இல்லை. அதற்கு வன்பொருளே வேறு. உங்கள் ஆலைக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வில்லியனூர் வலைஞர்:

வேலையின் வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேபிளை முதலில் செருகிவிட்டு அமைப்பைப் பிறகு எழுதக் கூடாது. புதிய ஃபைபரின் ஒரு முனையை வெளியே தொங்கவிட்டு, முதன்மை, காத்திருப்பு இரண்டு ஸ்விட்சுகளிலும் அமைப்பை எழுதி, நிலையான நினைவில் சேமித்து, மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டு, அமைப்பு நிலைத்திருக்கிறது என்று பார்த்த பிறகே செருகுங்கள். வீலேன்களை (ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் வலையமைப்புப் பிரிவுகளை) பயன்படுத்துகிறீர்கள் என்றால், முதன்மைப் போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வீலேனும் காத்திருப்புப் போர்ட்டிலும், இரண்டு வளையங்களின் எல்லா வளையப் போர்ட்டுகளிலும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நல்ல நாளில் தெரியாது. மாறிக்கொள்ளும் நாளில் அந்த ஒரு வீலேன் மட்டும் செத்துக் கிடக்கும்.

மறுபக்கத்து வளையம் வேறு தயாரிப்பு என்பதால் ஒரு நுணுக்கம் உண்டு. இணைப்பு மாறும்போது அமைப்பு எழுதப்பட்ட பக்கம் தன் முகவரிப் பட்டியலை அழித்துக்கொள்ளும். மறுபக்கத்து ஸ்விட்சுகளுக்கு அந்தச் செய்தி புரியாமல் போகலாம். ஸ்காடா அடிக்கடி கேள்வி அனுப்பும் கருவிகளுக்குப் பாதிப்பில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி புதிய பாதையில் வந்து சேரும்போதே வழியிலுள்ள ஸ்விட்சுகள் புதிய திசையைக் கற்றுக்கொள்கின்றன. தானாக எப்போதாவது செய்தி அனுப்பும் கருவிதான் பழைய திசையிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். பல ஸ்விட்சுகளில் முகவரி காலாவதியாகும் நேரம் 300 வினாடி. கொதிகலன் பக்கத்தில் அதை 30 வினாடி அளவுக்குக் குறைத்துவையுங்கள். வளையத்தின் நடுவில் அமைப்பு எழுத முடியாத சாதாரண ஸ்விட்ச் ஒன்றைச் செருகக் கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம்: அது சோதனைச் சட்டகங்களைக் கடத்திவிடும், ஆகவே வளையம் முழுமையாக இருப்பது போலவே தோன்றும், ஆனால் முகவரியை அழி என்ற கட்டளை மட்டும் அதன் காதில் விழாது.

சோதிக்கும்போது வினாடிக்கு ஒரு முறை போகும் பிங்கை (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தியை) நம்பாதீர்கள். 200 மில்லிவினாடி இடைவெளி அதன் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே நழுவிப் போய்விடும். 10 மில்லிவினாடி இடைவெளியில் அனுப்பி, விடுபட்டவற்றை எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். ஃபைபர் முனையில் இருக்கும் எல்.சி. இணைப்பானின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடுங்குவதோடு நிறுத்திவிடாமல், இடுக்கியைக் கழற்றி ஒற்றை இழையை மட்டும் உருவிப் பாருங்கள். உண்மையில் ஃபைபர் பழுதாகும்போது பெரும்பாலும் ஒரு திசைதான் போகும். அப்போது ஒரு முனையில் விளக்கு எரிந்துகொண்டும் மறுமுனையில் அணைந்தும் இருந்தால் ஸ்விட்சுகள் என்ன செய்கின்றன என்பதை ஷட்டவுனிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அறுக்கும்போது மட்டுமல்லாமல் மீண்டும் செருகும்போதும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

உப்பனாற்றுக்கரை (கடலூர் சிப்காட்):

இவை அனைத்தையும் சோதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. மேலே சொன்ன ஃபைபர் அறுந்த நிகழ்வில், நிலையங்கள் விழுந்ததால்தான் எங்களுக்கே செய்தி தெரிந்தது. காப்பு நேரத்தை 256 ஆக்கிவிட்டால் அடுத்த முறை எதுவும் விழாது. அப்படியானால் வளையம் முறிந்திருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

முதுநகர் மின்பணி:

இந்த உரையாடலிலேயே மிகச் சரியான கேள்வி இதுதான். ஒரு முறை முறிந்து, ஆறு மாதம் எவரும் பார்க்காமல் ஓடி, இரண்டாவது முறிவில் பாதி ஆலை இருண்டுபோன இடத்தை நான் பார்த்திருக்கிறேன். வளையம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பராமரிப்பும் தளர்ந்திருந்தது.

ஸ்விட்சின் மேல்பக்கத்தில், 24 வோல்ட் முனைகளுக்குப் பக்கத்திலேயே, பழுது அறிவிக்கும் ரிலே முனைகள் இரண்டு இருக்கும். பெரும்பாலான ஆலைகளில் அவை கம்பி படாமலே கிடக்கும். மேலாளர் ஸ்விட்சில் வளையம் முறிந்தால் அந்த ரிலே திறக்கும்படி அமைத்து, இரண்டு கம்பி இழுத்து பி.எல்.சி.யின் உள்ளீட்டில் கொடுத்துவிடுங்கள். காத்திருப்பு இணைப்பு ஸ்விட்சிலும் அதே போல, தன் இணைப்புப் போனால் திறக்கும்படி வையுங்கள். முதன்மை நன்றாக இருக்கும்போது காத்திருப்பு ஃபைபர் அறுந்தால் ஆலை ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாது. நல்ல நிலையில் மூடியும் பழுதில் திறந்தும் இருக்கும் வகையில் இணைத்தால், ஸ்விட்சே மின்சாரம் இழந்தாலும், இழுத்த கம்பியே அறுந்தாலும் அலாரம் வந்துவிடும்.

சேதராப்பட்டு கட்டுப்பாடு:

ஸ்விட்சின் நிலையை வலையமைப்பு வழியாகவே கேட்டறியும் எஸ்.என்.எம்.பி. மூலமும் ஸ்காடாவுக்கு எடுக்கலாம், அதில் எந்தப் போர்ட் என்பதுவரை தெரியும். ஆனால் பழுதான அதே வலையமைப்பின் வழியாகத்தான் அந்தச் செய்தி வர வேண்டும். ஆகவே கம்பியையும் விட்டுவிடாதீர்கள்.

வில்லியனூர் வலைஞர்:

மாற்று ஸ்விட்சையும் பாருங்கள் ஐயா. கிடங்கில் பெட்டியோடு இருக்கும் புதிய ஸ்விட்ச் தயாரிப்பாளர் அனுப்பிய இயல்பு அமைப்பில்தான் இருக்கும். அதில் உங்கள் வளைய அமைப்பு இராது. இரவுப் பணியில் இருப்பவர் காத்திருப்பு ஸ்விட்ச் பழுதாகிவிட்டது என்று அதை அப்படியே மாட்டி இரண்டு ஃபைபரையும் செருகினால், நாம் இத்தனை நேரம் பேசிய லூப் அந்த இடத்திலேயே உண்டாகிவிடும். அமைப்பை வைத்திருக்கும் நினைவு அட்டை வசதி இருந்தால் அதை வாங்கி ஸ்விட்சிலேயே செருகிவையுங்கள். இல்லையென்றால் இந்த இரண்டு ஸ்விட்சுகளுக்கும் மட்டுமாவது அமைப்பு எழுதிய மாற்றுகளைத் தனித்தனியே பெயர் ஒட்டிக் கிடங்கில் வையுங்கள். இணைப்புப் போர்ட்டின் பக்கத்தில் "அமைப்பு எழுதாத ஸ்விட்சில் இந்த ஃபைபரைச் செருகக் கூடாது" என்று தமிழிலேயே அச்சிட்டு ஒட்டிவிடுங்கள்.

உப்பனாற்றுக்கரை (கடலூர் சிப்காட்):

ரிலே முனைகளைப் போய்ப் பார்த்தேன். முதுநகர் ஐயா சொன்னது போல் எதிலும் கம்பி இல்லை. உற்பத்திப் பகுதி பி.எல்.சி.யில் காலி உள்ளீடுகள் உள்ளன. கம்பி இழுப்பதற்கு ஷட்டவுன் தேவையில்லை என்பதால் அந்த வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம்.